நெருஞ்சி: பெயர் ஒன்று, செடி மூன்று

மானாவாரி நிலம் வைத்திருக்கும் உழவர் எவருக்கும் நெருஞ்சியை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. காலில் முள் தைத்த அன்றே அறிமுகம் முடிந்துவிடுகிறது. ஆயினும் "நெருஞ்சி" என்று நாம் சொல்லும்போது எல்லோரும் ஒரே செடியைத்தான் குறிப்பிடுகிறோமா என்றால், இல்லை. நம் நாட்டில் இப்பெயரில் மூன்று செடிகள் வழங்குகின்றன. மூன்றும் தாவரவியல்படி வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று ஆட்டுக்குக் கேடு செய்யக்கூடியது; மற்றொன்று குதிரைக்கு ஆகாதது; இரண்டு மருந்துக்கு விலைபோகக் கூடியவை. எனவே எது எது என்று தெரிந்துகொள்வது வெறும் படிப்பறிவுக்காக மட்டும் அன்று.

முதலாவது, முள்ளுள்ள காயும் சிறு மஞ்சள் பூவும் கொண்டு தரையோடு படரும் சிறு நெருஞ்சி. இதன் தாவரவியற் பெயர் டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ் என்பதாகும். இரண்டாவது யானை நெருஞ்சி அல்லது பெரு நெருஞ்சி. இது பெடாலியம் முரெக்ஸ் எனப்படும். மூன்றாவது செப்பு நெருஞ்சி. இது இண்டிகோஃபெரா லின்னேயி எனப்படும் அவுரி இனச்செடி. பழைய நூல்களில் இதை இண்டிகோஃபெரா என்னியாஃபில்லா என்று காணலாம்.

பாலையின் செடி

சிறு நெருஞ்சி வறண்ட நிலத்துக்கென்றே அமைந்த செடி. இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்தின் மணற்குன்றுகளிலும், தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிகளிலும், கரிசல் காட்டு வண்டிப் பாதையிலும் ஒரே மாதிரியாக வளர்கிறது. தார்ப் பகுதியில் பஞ்ச காலங்களில் இதன் காயை இடித்து மாவாக்கிக் கம்பு மாவுடன் கலந்து உண்டிருக்கிறார்கள். வேறு எதுவும் விளையாத ஆண்டிலும் இது விளைந்திருக்கிறது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இதற்குக் காரணங்கள் உள்ளன. முதலில் அதன் ஆணிவேர். மேலே படர்ந்திருக்கும் கொடியைப் பார்த்துவிட்டு வேரும் மேலாகத்தான் இருக்கும் என்று எண்ணி இழுத்தால், கொடி அறுந்து கையோடு வரும். வேர் உள்ளேயே நின்றுவிடும். அடுத்து, சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவற்றைப் போலவே நெருஞ்சியும் சி-4 முறையில் ஒளிச்சேர்க்கை செய்யும் செடி. கடும் வெயிலிலும் குறைந்த நீரைச் செலவிட்டு அதிக உணவு தயாரிக்கும் முறை இது. நெல்லும் நிலக்கடலையும் இவ்வகையில் சேராதவை. எனவே நிலக்கடலைப் பயிர் வெயிலில் வாடித் தலைசாய்ந்து நிற்கும் வேளையில் அதன் இடையே நெருஞ்சி மட்டும் செழிப்பாக நிற்பதில் வியப்பில்லை.

முளைத்து ஏறக்குறைய மூன்று வாரத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். பூத்த பின் ஓரிரு வாரத்தில் காய் முற்றத் தொடங்கும். ஒரே ஒரு கோடை மழையை நம்பி முளைக்கும் செடி அடுத்த மழைக்குக் காத்திருக்க முடியாது அல்லவா? மண்ணில் ஈரம் இருக்கும் வரை பூத்துக்கொண்டும் காய்த்துக்கொண்டும் இருக்கும். நன்கு படர்ந்த ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் விதைகள் உண்டாகும்.

சிறு நெருஞ்சியை அறிவது

பூவைப் பார்த்துச் செடியை அறிய விரும்பினால் காலையில் செல்லுங்கள். நெருஞ்சிப் பூ காலையில் விரிந்து பிற்பகலில் குவிந்துவிடும். ஒரு விரற்கடைக்கும் குறைவான அகலம், ஐந்து மஞ்சள் இதழ்கள், நடுவே பத்து மகரந்தத் தாள்கள். இப்பூ கதிரவனை நோக்கி நிற்பதைச் சங்கப் புலவர்களே கவனித்துப் பாடியிருக்கிறார்கள். கண்ணுக்கு இனிய பூவைக் காட்டிப் பின்னர் முள்ளைத் தரும் செடி என்பதை வைத்து அள்ளூர் நன்முல்லையார் பாடிய பாட்டு குறுந்தொகையில் 202-ஆம் பாட்டாக உள்ளது. செடியை நேரில் நன்கு பார்த்தவர்கள் அவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் மஞ்சள் பூவை மட்டும் நம்புவது போதாது. தரையில் படர்ந்து மஞ்சள் பூப்பூக்கும் செடிகள் பல உண்டு. நான் மாணவர்களுக்குக் களத்தில் முதலில் காட்டுவது இலையைத்தான். ஒரு கணுவை எடுத்துப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு இலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் புளிய இலை போல இரு வரிசைச் சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை. பொதுவாக நான்கு முதல் எட்டு ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். இந்த இரண்டு இலைகளில் ஒன்று நீளமாகவும் மற்றொன்று குட்டையாகவும் இருக்கும். அடுத்த கணுவிலும் அப்படியே. பூ வருவது பெரும்பாலும் குட்டை இலையின் கக்கத்திலிருந்துதான். இந்த ஏற்றத்தாழ்வு மற்ற இரண்டு நெருஞ்சிகளிலும் இல்லை. இலையின் அடிப்புறத்தையும் இளந்தண்டையும் தடவினால் வெண்ணிற மென்மயிர் தெரியும்.

காய் இன்னும் தெளிவான அடையாளம். முற்றிய காய் ஐந்து துண்டுகளாகப் பிரிந்து விழும். ஒவ்வொரு துண்டும் சிறு கோடரித் தலை போன்ற வடிவில் இருக்கும். அதில் இரண்டு நீண்ட முட்களும் இரண்டு குறுமுட்களும் உண்டு. எப்படி விழுந்தாலும் ஏதாவதொரு முள் மேல்நோக்கியே நிற்கும். முற்காலப் போர்களில் குதிரைப் படையை மறிப்பதற்காகத் தரையில் தூவிய நான்முனை இரும்பு முள்ளும் இதே அமைப்புத்தான். டிரிபுலஸ் என்ற பெயரும் அந்தப் போர்முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே.

காய் வருமுன் நாற்றுப் பருவத்திலேயே கண்டுபிடிக்க வேண்டுமானால் வித்திலைகளைப் பாருங்கள். தடித்து, நீள்சதுரமாய், நுனியில் லேசான பள்ளத்துடன், நடுவே மடிப்புக் கோடுடன் இருக்கும். அதை அடுத்து வரும் முதல் இலையே கூட்டிலையாகிவிடும். களை எடுக்க இதுதான் மிகச் சிறந்த பருவம் என்பதால் இந்த நாற்றை மனத்தில் பதித்துக் கொள்வது நல்லது.

சில இடங்களில் பூ இதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு பெரிதாகவும், காய் அடர்ந்த மயிருடனும் உள்ள நெருஞ்சியைக் காணலாம். இதனைத் தாவரவியலார் டிரிபுலஸ் லானுஜினோசஸ் என்று பிரித்துக் கூறுவர். உழவரைப் பொறுத்தவரை இரண்டையும் ஒன்றாகவே கருதலாம்.

யானை நெருஞ்சி

பெயரில் நெருஞ்சி இருந்தாலும் யானை நெருஞ்சி எள்ளுக்குத்தான் உறவு. பூவைப் பார்த்தாலே அது விளங்கும். தனித்தனி ஐந்து இதழ்களாக இல்லாமல் எள்ளுப்பூவைப் போலக் குழல் வடிவில், ஆனால் மஞ்சளாக இருக்கும். இலை கூட்டிலை அன்று. அகன்ற தனி இலை. விளிம்பு வளைந்து வளைந்து பற்களுடன் இருக்கும். செடி சதைப்பற்றுடன் சற்று நிமிர்ந்து வளரும். மணற்பாங்கான கடலோரப் பகுதிகளிலும் தரிசுகளிலும் மிகுதி. காய் நான்கு பட்டைகளுடன் கூம்பு போல இருக்கும். பட்டைக்கு ஒரு முள் வீதம் அடிப்பக்கத்தில் நான்கு முட்கள். சிறு நெருஞ்சியைப் போல இது துண்டு துண்டாகப் பிரியாது. முரெக்ஸ் என்பது முள்ளுள்ள ஒரு கடற்சங்கின் பெயர்; காயைப் பார்த்து வைத்த பெயர்.

ஐயம் ஏற்பட்டால் எளிய சோதனை ஒன்று உண்டு. பச்சைத் தழை ஒரு கொத்தை ஒடித்து ஒரு செம்புத் தண்ணீரில் விட்டுச் சில நிமிடங்கள் கலக்குங்கள். யானை நெருஞ்சியாக இருந்தால் தண்ணீர் முட்டையின் வெண்கரு போலக் கொழகொழப்பாகிவிடும். சில மணி நேரம் அந்த நிலையிலேயே இருக்கும். தண்ணீர் கலந்த மோரைக் கெட்டியாகக் காட்ட முற்காலத்தில் சிலர் இதைப் பயன்படுத்தியதாகவும் குறிப்புகள் உண்டு. வேறு எதற்கெல்லாமோ அறிவு செலவிடப்பட்டிருக்கிறது! சிறு நெருஞ்சித் தழையை எவ்வளவு கலக்கினாலும் இவ்வாறு ஆகாது.

செப்பு நெருஞ்சி

இது அவுரிக் குடும்பம். அதாவது பயறு வகை. இதில் முள்ளே இல்லை. தரையோடு ஒட்டி வட்டமாகப் படரும். இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி அமையும். சிற்றிலைகளும் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி, பெரும்பாலும் ஐந்து முதல் ஒன்பது வரை ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்கும். பூக்கள் மிகச் சிறியவை. இலைக் கக்கத்தில் நெருக்கமாகச் செம்பு நிறத்தில் அல்லது சிவப்பாகப் பூக்கும். காய் சிறு பயற்றங்காய் போல இருக்கும். பெரும்பாலும் இரண்டே விதைகள்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பேர்ட்ஸ்வில் என்ற ஊரின் பெயரால் ஒரு குதிரை நோய் வழங்குகிறது. இச்செடியைப் பல நாட்கள் தொடர்ந்து மேய்ந்த குதிரைகள் பின்னங்கால்கள் தடுமாறி, மெலிந்து, இறந்தும் போயின. செடியிலுள்ள இண்டோஸ்பிசின் என்ற அமினோ அமிலமும் அதன் நச்சுத்தன்மைக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இந்தப் பொருள் இறைச்சியிலும் தங்குவதால், அத்தகைய குதிரை இறைச்சியைத் தின்ற நாய்களும் அங்கே ஈரல் கெட்டு இறந்துள்ளன. நம் ஊர்களில் மாடும் ஆடும் மற்றப் புற்களோடு கலந்து இதைக் கடித்துச் செல்வதைப் பார்க்கிறோம். மட்டக்குதிரை வைத்திருப்போர் மட்டும் இச்செடி மண்டிய இடத்தில் குதிரையைக் கட்டி மேய விடாதிருப்பது நல்லது.

ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு

இக்கட்டுரையில் உங்களுக்கு மிகவும் பயன்படக் கூடியது இப்பகுதிதான். சிறு நெருஞ்சியைச் சிறிதளவு மேய்வதால் ஆட்டுக்கு ஒன்றும் நேராது. பல இடங்களில் அது நல்ல மேய்ச்சலாகவே பயன்படுகிறது. தொல்லை வருவது ஒரு குறிப்பிட்ட சூழ்நிலையில்: மழை பெய்து நெருஞ்சி மட்டும் செழித்து, பிறகு வெயில் அடித்துச் செடி வாடத் தொடங்கும் நேரத்தில், பசியோடு வரும் மந்தை வேறு தீவனமின்றி அதையே வயிறு நிறைய மேயும்போது. தென்னாப்பிரிக்காவின் காரூ என்ற வறண்ட பகுதியில் இதனால் செம்மறி ஆடுகள் பெருமளவில் மடிந்திருக்கின்றன. அந்நாட்டார் இதை "மஞ்சள் தடித்தலை" என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நோயைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்பது கீழே படித்தால் விளங்கும்.

நெருஞ்சியில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள்கள் உள்ளன. ஆட்டின் உடலில் இவை மாறுதலடைந்து, பித்த நாளங்களில் நுண்ணிய படிகங்களாகப் படிகின்றன. இதனால் பித்தம் வெளியேறுவது தடைப்படுகிறது. பச்சைத் தீவனத்திலுள்ள பச்சையம் ஆட்டின் வயிற்றில் சிதையும்போது பைலோஎரித்ரின் என்ற பொருள் உண்டாகும். வழக்கமாக இதை ஈரல் பித்தத்தின் வழியே வெளியேற்றிவிடும். பித்தம் தடைப்பட்டதால் அது இரத்தத்தில் தங்கித் தோலுக்கு வந்து சேர்கிறது. வெயில் பட்டதும் அந்தத் தோல் வெந்தது போலாகிவிடுகிறது. ஆகவே செடி நேரடியாகத் தோலைக் கெடுப்பதில்லை. ஈரலைக் கெடுக்கிறது, வெயில் தோலைக் கெடுக்கிறது.

முதலில் ஆடு நிழலைத் தேடி ஓடும், தலையை உதறும், காதை எதிலாவது தேய்க்கும். பிறகு காதும், இமையும், உதடும், முகமும் வீங்கும். காது கனத்துத் தொங்கும். வீங்கிய இடத்தில் நீர் கசிந்து, காய்ந்து பொருக்குத் தட்டும். கண்ணின் வெண்பகுதியையும் ஈறையும் பார்த்தால் மஞ்சள் தெரியும். உரோமம் மூடாத இடத்திலும் வெண்ணிறத் தோலிலும்தான் இவை கடுமையாக இருக்கும். கருந்தோலுக்கு நிறமே ஒரு குடை போன்றது. ஆகவே வெண்ணிற முகமுடைய செம்மறிகளை முதலில் கவனியுங்கள்.

முகம் வீங்கியதும் பலர் இதை நீலநாக்கு நோய் என்று கருதிவிடக்கூடும். நீலநாக்கு நோயிலும் முகமும் உதடும் வீங்கும். ஆனால் அதில் கடும் காய்ச்சலும், வாய்ப்புண்ணும், மூக்கு ஒழுக்கும், குளம்பின் மேல்விளிம்பு சிவந்து நொண்டுவதும் காணப்படும். கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிகள் பரப்பும் நோய் அது. மஞ்சள் காமாலையும், வெயில் பட்ட இடத்தில் மட்டும் தோல் வெந்திருப்பதும் தீவனத்தால் வந்ததைக் காட்டும். உண்ணிச்செடியைத் தின்றாலும் இதே விதமான நிலை உண்டாகும். ஆதலால் மந்தை முந்தைய வாரம் எங்கே மேய்ந்தது, அங்கே என்ன செடி இருந்தது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்; முடிந்தால் ஒரு செடியைப் பிடுங்கி எடுத்துச் செல்லுங்கள். பெயரை மட்டும் சொன்னால் மூன்று நெருஞ்சியில் எது என்று அவருக்குத் தெரியாது.

மருத்துவர் வருமுன் நீங்கள் செய்ய வேண்டியது நிழல் கொடுப்பதுதான். அறிகுறி கண்ட ஆடுகளை மட்டுமல்ல, அதே இடத்தில் மேய்ந்த எல்லா ஆடுகளையும் நல்ல நிழலுள்ள கொட்டகையில் அடையுங்கள். மர நிழல் நகர்ந்துவிடும், அது போதாது. பசுந்தீவனத்தை நிறுத்திக் காய்ந்த சோளத்தட்டையும் வைக்கோலும் கொடுங்கள். பச்சையம் குறைந்தால் தோலுக்கு வரும் கேடும் குறையும். தண்ணீர் தாராளமாக வையுங்கள். புண்ணில் ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் மாதக்கணக்கில் நெருஞ்சியையே மேய்ந்த செம்மறிகளுக்கு வேறொரு நோய் கண்டிருக்கிறது. பின்னங்கால்கள் வலுவிழந்து, உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கும், பின்னர் தேறுவதில்லை. அச்செடியிலுள்ள ஹார்மேன், நார்ஹார்மேன் என்ற அல்கலாய்டுகளை இதற்குக் காரணமாகக் கருதுகிறார்கள். கிடை போட்டு ஊர் ஊராகச் செல்லும் கீதாரிகளுக்கு மந்தை ஒரே இடத்தில் நிற்காததால் இந்த ஆபத்துக் குறைவு. ஆனால் பசித்த மந்தையைப் புதுக் காட்டில் இறக்குமுன் சிறிது உலர்தீவனம் கொடுப்பது அவர்களுக்கும் ஏற்றதே.

காயை விற்போர் அறிய வேண்டியது

சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சிறு நெருஞ்சில், பெரு நெருஞ்சில் இரண்டும் சேர்கின்றன. சிறு நெருஞ்சி வேர் தசமூலம் என்னும் பத்து வேர்களுள் ஒன்று. கேட்பது ஒன்றாகவும் கொடுப்பது மற்றொன்றாகவும் ஆவது இச்சரக்கில் அடிக்கடி நிகழ்வது. சிறு நெருஞ்சிக்குப் பதிலாக யானை நெருஞ்சிக் காயைக் கலப்பது வணிகத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று. பெரிய காய் என்பதால் பொறுக்குவது எளிது. காய்ந்த சரக்கில் பிரித்தறிவது கடினமன்று: கோடரித் துண்டுகளாக உதிர்ந்திருப்பது சிறு நெருஞ்சி, நாற்பட்டைக் கூம்பாக முழுதாக இருப்பது யானை நெருஞ்சி. காட்டில் சேகரித்துத் தரும் பெண்களுக்கு இந்த வேறுபாட்டைக் காட்டிக் கொடுத்து, இரு சாக்குகளில் தனித்தனியே சேர்த்தால் வணிகர் கலப்படம் என்று சொல்லி விலையைக் குறைக்க இடமிராது.

இக்காலத்தில் உடல் வலிமை கூட்டும் மாத்திரை என்று நெருஞ்சிச் சாறு வெளிநாடுகளிலும் விற்கப்படுகிறது. 2007-இல் ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களுக்கு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அதை உண்டவருக்கும் உண்ணாதவருக்கும் வலிமையில் வேறுபாடு காணப்படவில்லை. இந்த விளம்பரங்களை நம்பி ஏக்கர் கணக்கில் பயிரிட முனைவோர், வாங்குபவரிடம் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னரே இறங்க வேண்டும் என்பது என் கருத்து.

பொறுக்கும்போது காயில் சிறு துளை உள்ளதா என்று பாருங்கள். அது நெருஞ்சிக் காயைத் துளைக்கும் ஒரு கூன்வண்டின் வேலை. மைக்ரோலேரினஸ் என்ற இந்த வண்டினத்தில் ஒன்று காயையும் மற்றொன்று தண்டையும் தாக்கும். அமெரிக்காவில் சைக்கிள் டயரைப் பஞ்சராக்கும் கொடி என்றே நெருஞ்சிக்குப் பெயர். அங்கு இதை ஒடுக்க 1961-இல் இவ்விரு வண்டுகளையும் இத்தாலியிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். நம் நாட்டில் இவை இயற்கையாகவே உள்ளன. துளையுள்ள காய் மருந்துக்கு உதவாது, அதைத் தள்ளிவிடுங்கள். ஆனால் வயலில் அந்த வண்டு உங்கள் நண்பன்.

வயலில் ஒழிக்க

நெருஞ்சியை ஒழிப்பதில் காலம்தான் முக்கியம். பூக்கும் முன்பு களைக்கொத்தால் வேர்க்கழுத்துக்குச் சற்றுக் கீழே வெட்டினால் போதும்; செடி மீண்டும் தழைப்பது அரிது. காய் பிடித்த பின் வெட்டி வரப்பில் போட்டால் அங்கேயே முற்றி விதை சிந்தும். அப்போது கொடியைச் சுருட்டி எடுத்து எரித்துவிட வேண்டும். உதிர்ந்து கிடக்கும் முட்களை நனைத்த கோணிச்சாக்கு ஒன்றைத் தரையில் இழுத்து ஓரளவு சேகரிக்கலாம். களத்துமேட்டில் இது நன்கு பயன்படும்.

நிலக்கடலையில் விதைத்த மூன்று நாட்களுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது பெண்டிமெத்தலின் தெளிப்பதும் முளைக்கும் நெருஞ்சியைக் கட்டுப்படுத்தும். உங்கள் மண்ணுக்கு ஏற்ற அளவை வேளாண்மை அலுவலரிடம் கேட்டு, புட்டியில் ஒட்டியுள்ள குறிப்பையும் படித்துப் பயன்படுத்துங்கள்.

ஒரே ஆண்டில் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காயின் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட விதைகள் உண்டு. அவற்றில் பெரியது முதலில் முளைக்கும்; மற்றவை பின்னர் வரும் மழைக்குக் காத்திருக்கும். புதிதாக உதிர்ந்த விதைகள் சில மாதங்கள் உறங்கிய பிறகே முளைக்கும். ஆழ உழுது புதைத்தாலும் பல ஆண்டுகள் உயிரோடிருந்து, மறுபடி உழும்போது மேலே வரும். எனவே தொடர்ந்து மூன்று, நான்கு ஆண்டுகள் ஒரு செடியும் காய்க்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வரப்பையும் வண்டிப் பாதையையும் விட்டுவிட்டு வயலை மட்டும் சுத்தம் செய்தால், டிராக்டர் சக்கரத்திலும், செருப்பிலும், ஆட்டுக் குளம்பிலும் ஒட்டிக்கொண்டு திரும்பவும் உள்ளே வரும். வாடகை டிராக்டர் வயலில் இறங்குமுன் சக்கரத்தில் குத்தியிருக்கும் முட்களைத் தட்டிவிடச் சொல்லுங்கள்.